மாதவிடாய் வலியும் தசைப் பலவீனமும்: இரண்டையும் பிரித்தறியும் வழி

2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், 49 கிலோ எடைப் பிரிவில் இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார். தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200. ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் கைநழுவியது. போட்டி முடிந்ததும் செய்தியாளர்களிடம் பேசிய மீராபாய், அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும் உடம்பு கொஞ்சம் பலவீனமாக இருந்தது என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அவருக்கு முன்பும் சிலர் பேசியிருக்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், முந்தின நாள்தான் மாதவிடாய் வந்ததாகவும் அதனால் களைப்பாக இருந்ததாகவும் நீச்சல் குளத்தின் கரையிலேயே சொன்னார். 2022 பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் ஜெங் சின்வென், உலகின் முதல்நிலை வீராங்கனை இகா ஸ்வியாடெக்கிடமிருந்து முதல் செட்டைப் பறித்தார். பிறகு மாதவிடாய் வயிற்றுவலி அவரைச் சுருட்டிப் போட்டது. அடுத்த இரண்டு செட்களும் 0-6, 2-6 என்று போயின.

பல ஆண்டுகள் பயிற்சியால் தசையை உரமேற்றிய பெண்களுக்கே இந்த நிலை என்றால், எட்டு மணி நேரம் நின்றபடி நூற்பாலையில் வேலை பார்க்கும் பெண்ணும், நெரிசலான பேருந்தில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பெண்ணும் "அந்த மூணு நாள் கை கால் அசதியா இருக்கு, தொடை இழுக்குது, எழுந்திரிக்கவே முடியல" என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

ஆனால் மாதவிடாய் தசையின் வலுவையே குறைத்துவிடுகிறதா? 2020இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 78 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மாதவிடாயின் முதல் சில நாட்களில் உடல்திறன் குறையக்கூடும். ஆனால் சராசரியாகப் பார்த்தால் அந்தக் குறைவு மிகச் சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது என்பதே அதன் முடிவு. அப்படியானால் பலவீனம் எங்கிருந்து வருகிறது? வலி ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. தூங்காத இரவு ஒரு பங்கு. வாந்தி வரும் என்ற பயத்தில் தவிர்த்த சாப்பாடு இன்னொரு பங்கு. மாதாமாதம் இழக்கும் இரத்தமும், அதனுடன் போகும் இரும்புச்சத்தும் பெரும்பங்கு. சிலருக்கு மாதவிடாயோடு தொடர்பே இல்லாத வேறு நோய் அந்த நாட்களில்தான் வெளியே தெரிகிறது.

வலி ஒன்று, பலவீனம் வேறொன்று. ஒரே நாட்களில் வருவதால் இரண்டையும் ஒரே சிக்கலாகக் கருதிப் பொறுத்துக்கொள்வதுதான் வழக்கமாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, பெரும்பாலும் தீர்வும் உண்டு.

வலி எங்கே பிறக்கிறது

கருப்பையும் ஒரு தசைதான். ஒரு மாதம் கருத்தரிக்கவில்லை என்றால் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சட்டென்று குறைகிறது. அப்போது கருப்பையின் உட்சவ்விலிருந்து புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகுகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிச் சுருக்குகிறது; சவ்வு உதிர்ந்து வெளியேற இந்தச் சுருக்கம் தேவை. புராஸ்டகிளாண்டின் அளவு மீறும்போது சுருக்கம் கடுமையாகி இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. இரத்தம் போய்ச் சேராத தசை வலிக்கத் தொடங்குகிறது. ஓடும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும் வலியோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு.

மாதவிடாய் இரத்தத்தில் தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்று 1957இலேயே பிரிட்டன் ஆய்வாளர் பிக்கிள்ஸ் எழுதினார். அதற்கு முன்பு இந்த வலி மனப்பிரமை என்றும், பெண்மையை ஏற்க மறுப்பதன் அடையாளம் என்றும் எழுதிய மருத்துவர்கள் உண்டு. 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன என்று காட்டினார். 1982இல் அவரும் ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று மருந்துக் கடையில் மாதவிடாய் வலிக்குக் கிடைக்கும் பெரும்பாலான மாத்திரைகள் அந்த அறிவியலின் பலன்.

இதே புராஸ்டகிளாண்டின் இரத்தத்தில் கலந்து குடலுக்குப் போனால் வயிற்றுப்போக்கு வருகிறது. குமட்டல், தலைவலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு ஆகியவையும் அதன் வேலைதான். தொடையும் இடுப்பும் இழுப்பதற்குக் காரணம் வேறு. கருப்பையிலிருந்து வரும் நரம்புகளும், அடிமுதுகு, தொடையின் மேற்பகுதி ஆகியவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் கருப்பையின் வலியைத் தொடையின் வலியாக மூளை வாசிக்கிறது. வலி உள்ள இடத்தைச் சுற்றியுள்ள தசையை முழு வலுவுடன் இயங்க உடல் விடுவதும் இல்லை. கால் துவண்டுபோவது போலத் தோன்றுவது இதனால்தான். இந்த வகைத் துவளல் வலி தணிந்ததும் போய்விடும்.

பெரியமனுஷி ஆன உடனேயே இந்த வலி வருவது குறைவு. முதல் சில மாதங்களில் கருமுட்டை ஒழுங்காக வெளியாவதில்லை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து, சுழற்சி சீராகும்போது வலி தொடங்கும். உதிரப்போக்குக்குச் சில மணி நேரம் முன்போ அதனுடனோ ஆரம்பித்து, ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எந்தக் கோளாறும் இருக்காது. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுவது இந்த வகைதான்.

சோர்வா, பலவீனமா?

"உடம்பு முடியல" என்பதற்குள் இரண்டு வேறு நிலைகள் இருக்கின்றன. எழுந்து வேலை செய்ய மனம் வரவில்லை, ஆனால் செய்தால் முடிகிறது என்றால் அது சோர்வு. செய்ய வேண்டும் என்று முனைந்தாலும் தசை ஒத்துழைக்கவில்லை என்றால் அதுதான் தசைப் பலவீனம். மருத்துவர் முதலில் அறிய விரும்புவது இதைத்தான். வீட்டிலேயே நான்கு செயல்களில் இதைச் சோதிக்கலாம்.

ஒன்று, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. இரண்டு, கைப்பிடியைப் பிடிக்காமல் ஒரு மாடிப்படி ஏறுவது. மூன்று, இடையில் கையை இறக்காமல் தலை வாரிப் பின்னல் போட்டு முடிப்பது. நான்கு, தண்ணீர் நிறைந்த வாளியையோ குடத்தையோ வழக்கம்போலத் தூக்குவது. முதல் மூன்றும் இடுப்பு, தோள் தசைகளைக் காட்டிக்கொடுக்கும். நான்காவது கைப்பிடியின் வலுவையும் சேர்த்துச் சொல்லும். இவற்றை மாதவிடாய் நாட்களில் ஒரு முறையும், அது முடிந்து பத்து நாள் கழித்து ஒரு முறையும் செய்து பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நாட்களில் மட்டும் தடுமாற்றம், மற்ற நாட்களில் எளிது என்றால் வலி, தூக்கம், சாப்பாடு மூன்றையும் கவனித்தால் போதும். மாதம் முழுவதும் மூச்சு வாங்குகிறது, ஆனால் எழுந்து நிற்க முடிகிறது என்றால் இரத்தசோகையைத் தேட வேண்டும். பத்து நாள் கழித்தும் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, கையைத் தலைக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை என்றால் மாதவிடாயின் மேல் பழிபோடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரத்தமும் இரும்பும்

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். இரண்டில் ஒரு பெண்ணுக்கு மேல். வகுப்பறையில் பாதிப் பெண்கள் குறைந்த இரத்தத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தெம்பே இல்ல" என்று அவர்களையே குறைசொல்வது நியாயமில்லை.

இரும்பு இரத்தத்துக்கு மட்டுமே உரியதன்று. தசைக்குள் ஆக்ஸிஜனைச் சேமிக்கும் மயோகுளோபினுக்கும், உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் நொதிகளுக்கும் அது வேண்டும். அதனால் ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே, இரும்புச் சேமிப்பு வற்றிய பெண்ணுக்கு அசதி வரலாம். பிரான்சில் இரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்புச் சேமிப்பு குறைந்த, அசதியால் அவதிப்பட்ட 198 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2012இல் வெளியானது. பன்னிரண்டு வாரம் இரும்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு அசதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. எனவே ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 8க்குக் கீழே என்றால் கடுமையானது.

எவ்வளவு இரத்தம் போகிறது என்பதும் முக்கியம். ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லி போவது இயல்பு. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். அளந்து பார்க்க யாராலும் முடியாது, ஆனால் அடையாளங்கள் உண்டு: மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, இரவில் மாற்றுவதற்காகவே எழுந்திருப்பது, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது. ஒரு மில்லி இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து உடல் ஒரு நாளில் ஈர்த்துக்கொள்வதே ஓரிரு மில்லிகிராம்தான் என்பதால், மாதம் 80 மில்லி இழப்பவருக்கு வரவும் செலவும் ஒத்துப்போகாது.

முதல் மாதவிடாயிலிருந்தே பெருக்கு அதிகமாக இருந்தால், இரத்தம் உறைவதிலேயே குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1924இல் ஃபின்லாந்தின் ஓலந்து தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவரிடம் வந்தாள். குடும்பமே எளிதில் இரத்தம் கசியும் குடும்பம். அந்தச் சிறுமி பருவமடைந்த சில மாதங்களில், தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தப்போக்கால் இறந்துபோனாள். அந்த மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் அந்தக் குறைபாட்டுக்கு இன்று பரிசோதனையும் மருந்தும் இருக்கின்றன. ஈறில் இரத்தம் கசிவது, மூக்கில் அடிக்கடி இரத்தம் வருவது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது ஆகியவை மாதவிடாய்ப் பெருக்கோடு சேர்ந்து வந்தால் அவற்றை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரும்பு மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றோடு எடுத்தால் நன்றாக உடலில் சேரும். தினமும் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு சேர்கிறது என்று 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இளம்பெண்களிடம் கண்டார்கள். வயிறு புரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்று மாத்திரையைத் தூக்கிப் போடும் பெண்கள் மருத்துவரிடம் இந்த முறையைக் கேட்டுப் பார்க்கலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது. சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு முறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கப்படும் நீல நிற மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. குடற்புழு இருந்தால் இரும்பு நிற்காது என்பதால், ஆண்டுக்கு இரு முறை தரப்படும் பூச்சி மாத்திரையையும் தவறவிடக் கூடாது.

தசை தளர வேறு காரணங்கள்

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறைவா என்று வியப்பவர்கள் உண்டு. விடியுமுன் கிளம்பி, நாள் முழுவதும் கூரைக்கடியில் வேலை பார்த்து, இருட்டியபின் திரும்பும் பெண்ணின் தோலில் வெயில் படுவதே இல்லை. வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பு வலிக்கும். தொடை, இடுப்புத் தசைகள் தளரும். படி ஏறுவதும் தரையிலிருந்து எழுவதும் கடினமாகும். வைட்டமின் டி குறைந்த, கடும் மாதவிடாய் வலி உள்ள நாற்பது பெண்களிடம் இத்தாலியில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், மருந்தாகக் கொடுத்த வைட்டமின் டி வலியையும் குறைத்தது. அந்த ஆய்வில் கொடுத்தது மருத்துவர் கண்காணிப்பில் ஒரே தடவை தரும் மிகப் பெரிய அளவு. வீட்டில் அதைப் பின்பற்றினால் உடலில் கால்சியம் அளவுக்கு மீறி ஏறி ஆபத்தாகும்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் இரண்டு தொல்லைகளும் ஒரே சமயத்தில் வரும். தசை தளர்ந்து அடிக்கடி பிடித்துக்கொள்ளும். மாதவிடாய்ப் பெருக்கும் கூடும். எடை கூடுவது, முடி கொட்டுவது, குளிர் தாங்காதது, கழுத்தின் முன்புறம் வீக்கம் ஆகியவை துணை அடையாளங்கள். டி.எஸ்.எச். என்ற ஒரே இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இறைச்சி, முட்டை உண்ணாதவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து காலில் மரமரப்பும் நடையில் தள்ளாட்டமும் வரலாம். பொட்டாசியம் குறைந்தால் காலையில் விழிக்கும்போதே கை கால் அசையாமல் போவதுண்டு.

அரிதானது, ஆனால் இளம்பெண்களைத் தேடி வருவது மயஸ்தீனியா கிராவிஸ். காலையில் தெம்பாக இருந்து மாலையாக ஆகத் துவளும், இமை தொங்கும், காண்பது இரண்டாகத் தெரியும், மென்று கொண்டிருக்கும்போதே தாடை தளரும். சில பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி இது கூடும் என்பதால், "அந்த நாளோட அசதி" என்று ஒதுக்கிவிடும் அபாயம் இதில் அதிகம்.

மாத்திரை: எப்போது, எப்படி

மெஃபெனமிக் அமிலம், இபுபுரூஃபன், நாப்ரோக்சென் ஆகிய மூன்றும் புராஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும் மருந்துகள். அது உருவான பிறகு அழிப்பவை அல்ல. எனவே வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, தாங்க முடியாமல் போட்டால் பலன் பாதிதான். உதிரப்போக்கு தொடங்கும்போதே, அல்லது முதல் இழுப்பு தெரிந்ததும், சாப்பிட்டபின் எடுக்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் இரண்டு மூன்று நாள் தொடர வேண்டும். இப்படி எடுத்தால் பெரும்பாலானோருக்கு வலி கட்டுக்குள் வரும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை உள்ளிட்ட வேறு வழிகள் இருக்கின்றன.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்கள் இவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது. டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலோடு மாதவிடாய் வந்தால், இரத்தக் கசிவு கூடும் என்பதால், பாராசிட்டமால் தவிர வேறெதையும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனமிக் அமிலம் குறித்து எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு, மருந்து எடுத்த இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சல், உடல் முழுவதும் தடிப்பு, நெறிகட்டுதல், கல்லீரல் போன்ற உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றோடு கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதே அது. மாத்திரையையே வெறுக்க வேண்டியதில்லை. தடிப்போடு காய்ச்சல் வந்தால், சில வாரங்களுக்கு முன்பு போட்ட மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலி மாத்திரையோடு டைசைக்ளோமின் என்ற தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்த மாத்திரைகள் நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்குகின்றன. வாய் உலர்வு, தலைசுற்றல், பார்வை மங்கல், மந்தம் ஆகியவை அதன் பக்கவிளைவுகள். மாத்திரை போட்டபின் கூடும் "பலவீனம்" சிலருக்கு மாத்திரையிலிருந்தே வருகிறது.

பெயர் தெரியாத மாத்திரையின் ஆபத்தைத் தமிழ்நாடு அருகிலிருந்து பார்த்திருக்கிறது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகள் பணியிடத்திலேயே கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். தையல் இயந்திரம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக விழுங்கிய அந்த மாத்திரைகளால் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினார்கள். ஒரு பெண் தன் வாயில் போடும் மாத்திரையின் பெயரைக் கேட்பது அவளுடைய உரிமை. அட்டையைக் காட்டச் சொல்லலாம், பெயரைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாததை விழுங்க வேண்டாம்.

சூடு, சுக்கு, அசைவு

அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைக்கும் பழக்கத்துக்கு ஆய்வின் துணை இருக்கிறது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 39 டிகிரி வெப்பத்தைத் தொடர்ந்து தரும் பட்டையை வயிற்றில் ஒட்டிய பெண்களுக்கு, இபுபுரூஃபனுக்கு இணையான நிவாரணம் கிடைத்தது. பையைத் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். கொதிநீர் தோலை வேகவைத்துவிடும்.

சுக்கும் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. மாதவிடாயின் முதல் மூன்று நான்கு நாட்களில் நாளொன்றுக்கு முக்கால் கிராமிலிருந்து இரண்டு கிராம்வரை இஞ்சிப் பொடி கொடுத்த சிறிய ஆய்வுகள் பலவற்றில் வலி குறைந்திருக்கிறது. சுக்குமல்லிக் காபியாகக் குடித்தால் வயிற்றுப் புரட்டலும் அடங்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

உடற்பயிற்சிதான் வலியையும் பலவீனத்தையும் ஒரே நேரத்தில் தொடும் மருந்து. 2019இல் காக்ரேன் அமைப்பு நடத்திய தொகுப்பாய்வின்படி, வாரம் மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடம் பயிற்சி செய்த பெண்களுக்கு மாதவிடாய் வலி, அவர்களே உணரும் அளவுக்குக் குறைந்தது. யோகா, நீட்டல் பயிற்சி, வேகநடை என்று எதுவானாலும் பலன் இருந்தது. சான்றுகள் இன்னும் உறுதிப்பட வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொன்னாலும், செலவோ தீங்கோ இல்லாத வழி இது.

தொடங்க விரும்பும் பெண்ணுக்கு ஓர் எளிய ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் வேகநடை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். அதன்பின் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்திப் பிடிப்பது பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை. கை, முழங்கால் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைப்பது பத்து முறை. முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று, பிறகு இரண்டு, மூன்று. எளிதானபின் இரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். வேகநடை அரை மணியிலிருந்து முக்கால் மணிக்கு ஏறட்டும். வலி நாட்களில் நடையும் முதுகு வளைப்பும் போதும். ஹீமோகுளோபின் மிகவும் குறைவாக இருப்பவர்கள், அது ஏறிய பிறகே கடினமான பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

தட்டில் என்ன இருக்கிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பும், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதமும் வேண்டும். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 37 கிராம் புரதம். காலையில் இரண்டு இட்லியும் மதியம் ரசம் சோறும் இரவில் தோசையும் உண்ணும் விடுதிப் பெண்ணுக்கு இதில் பாதியைத் தாண்டுவதே கடினம். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராம் புரதம் கிடைக்கிறது. பருப்பும் சோறும் மீதியை ஈடுகட்டும்.

பருவமடைந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுக்கும் வழக்கத்தில் புரதமும் ஆற்றலும் இருக்கின்றன. சடங்கோடு நிறுத்திவிடாமல் வாரத்தில் ஓரிரு நாள் தொடர்வது நல்லது. கம்பு நூறு கிராமில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு உண்டு. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் இரும்பைச் சேர்ப்பவை. தாவர இரும்பு எளிதில் சேராது என்பதால், கீரையின் மேல் எலுமிச்சை பிழிவதும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் குடிப்பதும் முக்கியம். மீன், ஈரல், இறைச்சி உண்பவர்களுக்கு வேலை எளிது. இரத்தசோகை வந்துவிட்டால் உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

காலை உணவைத் தவிர்க்கும் மாணவிகளிடம் மாதவிடாய் வலி அதிகம் என்று ஜப்பானியக் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அவை நிறுவவில்லை. ஆனால் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவது வயிற்றைப் புண்ணாக்கும் என்பது உறுதி.

தள்ளிப்போடக் கூடாதவை

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பத்மா லட்சுமிக்குப் பருவ வயதிலேயே கடும் மாதவிடாய் வலி தொடங்கியது. அது என்டோமெட்ரியோசிஸ் என்று கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 36. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதாமாதம் அழற்சியை உண்டாக்கும் நோய் அது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2009இல் பத்மா லட்சுமி தன் மருத்துவரோடு சேர்ந்து இந்த நோய்க்காகவே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

வலி ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டே போவது, உதிரப்போக்குக்குப் பல நாள் முன்பே தொடங்கி அது நின்ற பிறகும் நீடிப்பது, மலம் சிறுநீர் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் வலிப்பது, மூன்று மாதம் முறையாக மாத்திரை எடுத்தும் அடங்காதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதாகியும் பூப்படையாத பெண்ணுக்கு மாதாமாதம் வயிறு வலித்தால், பிறவியிலேயே பாதை அடைபட்டு இரத்தம் உள்ளே தேங்கியிருக்கலாம். சிறிய அறுவை சிகிச்சையில் இது சரியாகும்.

சில நிலைகளில் நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வரும் பொறுக்க முடியாத வலி, நாள் தள்ளிப்போனபின் வலியும் மயக்கமும், வலியோடு காய்ச்சல் ஆகியவை வயிற்றைச் சேர்ந்தவை. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம், ஒரு பக்கக் கை கால் தளர்வது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது ஆகியவை தசையையும் நரம்பையும் சேர்ந்தவை.

மருத்துவரிடம் போகும்போது

இரண்டு மூன்று மாதக் குறிப்பேடு, பத்து நிமிட ஆலோசனையை அரை மணி நேர ஆலோசனைக்கு நிகராக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி போதும்: உதிரப்போக்கு உண்டா, எத்தனை நாப்கின், வலி பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, அது கேட்டதா, தரையிலிருந்து எழ முடிந்ததா, எவ்வளவு தூக்கம். பள்ளியோ வேலையோ தவறிய நாளைத் தனியாகக் குறிக்க வேண்டும். வலி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை மருத்துவருக்கு அந்தக் கணக்கு உணர்த்தும்.

ஹீமோகுளோபின் உள்ளிட்ட முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச். ஆகியவை முதல் சுற்றுப் பரிசோதனைகள். தசைப் பலவீனம் தெளிவாகத் தெரிந்தால் வைட்டமின் டி, பி12, பொட்டாசியம், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. ஆகியவற்றையும் மருத்துவர் சேர்ப்பார். ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

திருமணமாகாத பெண்ணை அழைத்துப்போகத் தயங்கும் தாய்மார்களுக்கு உள்பரிசோதனை பற்றிய பயம் உண்டு. இளம்பெண்ணின் வழக்கமான மாதவிடாய் வலிக்கு உள்பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. சிறுநீர் முட்டத் தண்ணீர் குடித்தபின் வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். அதற்கு மேல் எது செய்வதானாலும் பெண்ணின் சம்மதத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்; மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. வலி மாத்திரை எடுத்தால் பிறகு குழந்தை தங்காது என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. மாதவிடாயின் இரண்டு மூன்று நாளில் மட்டும் எடுக்கும் வலி மாத்திரை கருத்தரிக்கும் திறனைக் கெடுப்பதில்லை. கவனிக்காமல் விட்ட என்டோமெட்ரியோசிஸ்தான் கெடுக்கக்கூடும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டால், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போகலாம். மகள் தனியாகச் சில நிமிடம் மருத்துவரிடம் பேசட்டும் என்று தாய் வெளியே உட்கார்ந்திருப்பதும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.